கெட்டுப்போன கருவி நல்ல செய்தி சொல்லும்



திண்டுக்கல் மாவட்டத்துக் குஜிலியம்பாறைப் பக்கத்து வாசகர் ஒருவரின் கடிதம் இந்த மாதம் வந்தது. தோட்டத்தில் புதிதாகப் போர் போட்டிருக்கிறார். தண்ணீர் கிடைத்துவிட்டது. ஆனால் வாயில் ஊற்றினால் சப்பென்று இருக்கிறதாம், பருப்பு வேக நேரம் பிடிக்கிறதாம், குடத்தின் உட்புறம் ஒரே மாதத்தில் வெள்ளை பூத்துவிட்டதாம். குடிக்கலாமா என்று தெரிந்துகொள்ள மூன்று இடங்களில் காட்டியிருக்கிறார். பிள்ளை படிக்கும் பள்ளியின் ஆய்வகத்தில், அமில-காரத் தன்மையைக் காட்டும் பி.எச். 7.1 என்றார்கள். கேன் தண்ணீர் போடும் இடத்தில் 7.6. பணம் கட்டிப் பார்த்த பரிசோதனைக்கூடத்தில் 8.3. "ஒரே போர், ஒரே தண்ணி. எந்த நம்பரைங்க நம்புறது?" என்று கேட்டிருக்கிறார்.

இந்த இதழின் ஆசிரியர் பக்கத்தை முழுவதுமாக அந்தக் கேள்விக்கே கொடுத்துவிடுகிறேன். அவர் ஒருவருடைய கேள்வி அல்ல அது. வானம் பார்த்த அந்தப் பூமியில் சோளமும் கம்பும் நிலக்கடலையும் முருங்கையும் போட்டு, ஆடு மாடு வைத்துப் பிழைக்கிற எல்லாருக்கும் நிலத்தடி நீர்தான் ஆதாரம். அந்த நீரைப் பற்றி ஒரு கருவி சொல்லும் எண்ணை வைத்துத்தான் குடிப்பதா வேண்டாமா, எந்த உரம் போடுவது, எந்தப் பயிர் தாங்கும் என்று முடிவு செய்கிறோம்.

முதலில் தண்ணீரின் பக்கம் இருக்கும் நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். ஆழத்தில் இருக்கும் நீரில் கரியமில வாயு நிறையக் கரைந்திருக்கும். மோட்டார் போட்டு மேலே கொண்டுவந்து, கேனில் பாதி பிடித்து, வண்டியில் குலுங்கக் குலுங்க எடுத்துப் போனால் அந்த வாயு வெளியேறும். வாயு போகப் போக பி.எச். ஏறும். அரைப் புள்ளி ஏறுவதில் வியப்பே இல்லை. குடத்தில் வெள்ளை படிவதும் இதே காரணத்தால்தான்: கரியமில வாயு போனபின் சுண்ணாம்பு கரைந்திருக்க முடியாமல் வெளியே வந்து படிகிறது. ஆகவே பி.எச். பார்க்க வேண்டுமென்றால் மோட்டாரைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, பாட்டிலை விளிம்பு வரை நிரப்பி, காற்று நிற்க இடமில்லாமல் மூடி, அன்றைக்கே பார்த்துவிட வேண்டும். கருவியைப் போரடிக்கே கொண்டுபோய்ப் பார்ப்பது இன்னும் நல்லது.

இது பாதிக் காரணம். மீதிப் பாதி, கருவியின் நுனியில் இருக்கும் சுண்டைக்காய் அளவு கண்ணாடிக் குமிழில் இருக்கிறது.

அந்தக் குமிழ் சாதாரணக் கண்ணாடி அல்ல. மேக்ஸ் கிரெமர் என்பவர் 1906-இல், மெல்லிய கண்ணாடிச் சவ்வின் இரண்டு பக்கமும் அமிலத்தன்மை வேறுபட்டால் அதன் குறுக்கே ஒரு சிறு மின்னழுத்தம் எழுகிறது என்று கண்டார். 1909-இல் ஃப்ரிட்ஸ் ஹாபரும் க்ளெமென்சீவிச்சும் அதை அளவிடும் மின்முனையாக்கினார்கள். அதே 1909-இல்தான் கோபன்ஹேகன் கார்ல்ஸ்பர்க் ஆய்வகத்தில் சோரன்சென் பி.எச். என்ற அளவுகோலையே வகுத்தார். கலிஃபோர்னியாவில் எலுமிச்சைச் சாற்றின் புளிப்பை அளக்க முடியாமல் தவித்த ஒரு பழைய வகுப்புத் தோழருக்காக ஆர்னால்ட் பெக்மன் 1934-இல் செய்து கொடுத்த கருவிதான் இன்றைய பி.எச். மீட்டர்களுக்கெல்லாம் முன்னோடி. நமக்கும் இந்த அறிவியல் தூரத்து உறவு இல்லை. காரைக்குடியில் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுக்க, 1948-இல் நேரு அடிக்கல் நாட்டி, 1953-இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆய்வகம் இந்தத் துறைக்காகவே இருக்கிறது. குஜிலியம்பாறையிலிருந்து காலையில் பஸ் ஏறினால் மத்தியானத்துக்குள் போய்விடக்கூடிய ஊர்.

குமிழ் எப்படி வேலை செய்கிறது என்பதைக் கொஞ்சம் பொறுமையாகப் பாருங்கள், மற்றதெல்லாம் அதிலிருந்தே புரிந்துவிடும். குமிழின் மேல்தோல் தண்ணீரில் ஊறி, கண்ணுக்குத் தெரியாத மெல்லிய பசைப் படலமாக மாறியிருக்கும். அந்த ஊறிய தோல்தான் ஹைட்ரஜன் அயனிகளை உணர்கிறது. பி.எச். 7 என்றால் மின்னழுத்தம் ஏறத்தாழ பூஜ்யம். ஏழிலிருந்து ஒவ்வொரு புள்ளி விலகும்போதும், 25 டிகிரி வெப்பத்தில், 59 மில்லிவோல்ட் எழ வேண்டும். ஒரு புள்ளிக்கு எத்தனை மில்லிவோல்ட் என்ற இந்த விகிதத்தைத்தான் ஸ்லோப் என்கிறார்கள். புது மின்முனையில் அது கிட்டத்தட்ட நூறு சதவீதம் இருக்கும். குமிழில் சுண்ணாம்பும் சேறும் எண்ணெயும் படியப் படிய, அல்லது அது காய்ந்து போகப் போக, விகிதம் இறங்கும். எழுபது சதவீதமாகிவிட்ட ஒரு மின்முனையை, சரிபார்க்காமல், உண்மையில் 8.3 உள்ள தண்ணீரில் வைத்தால் என்ன ஆகும்? ஏழுக்கு மேல் 1.3 விலக வேண்டியது 0.9 மட்டும் விலகும். திரையில் 7.9 வரும். இன்னும் மோசமானால் 7.5. குமிழில் மயிரிழை விரிசல் விழுந்துவிட்டாலோ, எதில் வைத்தாலும் ஏழை ஒட்டியே காட்டும்.

இங்கேதான் என் மனதை உறுத்துகிற விஷயம் இருக்கிறது. குடிநீருக்கான இந்தியத் தரம் பி.எச். 6.5 முதல் 8.5 வரை. ஏழு என்பது அதன் நடுவில் இருக்கும் அருமையான எண். நல்ல மின்முனை மட்டும்தான் கெட்ட செய்தி சொல்லும். கெட்ட மின்முனை எல்லாத் தண்ணீரையும் நல்ல தண்ணீர் என்று சொல்லிக்கொண்டே இருக்கும். ரேடியோ கெட்டால் கரகரக்கும், மோட்டார் கெட்டால் புகையும். இது கெட்டால் புன்னகைக்கும். அதனால்தான் யாரும் அதைக் கழுவ நினைப்பதில்லை.

மற்ற உணரிகளும் இதே வழிதான். கையடக்க டி.டி.எஸ். பேனாவின் நுனியில் இரண்டு சிறு உலோக முட்கள் இருக்கும். தண்ணீரில் உப்பு கூடக்கூட அவற்றுக்கிடையே மின்சாரம் எளிதாகப் பாயும். அதைத்தான் எண்ணாக்கிக் காட்டுகிறது. உப்புத் தண்ணீரிலேயே புழங்கும் முட்களில் வெள்ளைப் படிவு ஏறிவிட்டால் மின்சாரம் தடைபடும், எண் குறையும். 1,400 இருக்க வேண்டியது 1,100 என்று வந்தால் வீட்டில் எல்லாருக்கும் சந்தோஷம்தான். நம் தரத்தின்படி லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது. வேறு தண்ணீர் கிடைக்காத இடத்தில் 2,000 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்பதால், இடையில் இருக்கும் ஒவ்வொரு நூறும் ஒரு குடும்பத்துக்கு முக்கியம்.

ஃபுளோரைடு மின்முனையையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் திண்டுக்கல் மாவட்டத்தில் பல இடங்களில் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு உண்டு. பல்லில் காவி படிவதும், முற்றினால் எலும்பு இறுகுவதும் இதனால்தான் என்று இந்தியாவில் முதன்முதலாக எழுதப்பட்டதே நம் பழைய சென்னை மாகாணத்தைப் பற்றித்தான். நெல்லூர்ப் பக்கத்து கிராமங்களைப் பார்த்து ஷார்ட் என்ற மருத்துவரும் சக ஆய்வாளர்களும் 1937-இல் எழுதினார்கள். காந்திகிராமத்துக் கிராமியப் பல்கலைக்கழகத்தின் வேதியியல் துறையினர் தண்ணீரிலிருந்து ஃபுளோரைடை நீக்கும் பொருட்களைப் பற்றிப் பல ஆண்டுகளாக ஆராய்ந்து வருகிறார்கள். ஏற்கத்தக்க அளவு லிட்டருக்கு 1 மில்லிகிராம், மிஞ்சிப்போனால் 1.5. இந்த நூலிழை வித்தியாசத்தை அளக்க ஃப்ராண்ட், ராஸ் என்ற இருவர் 1966-இல் லாந்தனம் ஃபுளோரைடுப் படிகத்தைக் கொண்டு ஒரு மின்முனை செய்தார்கள். தண்ணீரில் அலுமினியமோ இரும்போ இருந்தால் அவை ஃபுளோரைடைப் பிடித்து வைத்துக்கொள்ளும், படிகத்தின் கண்ணில் படவிடாது. பிடித்ததை விடுவிக்கும் ஒரு கரைசலைச் சமபங்கு சேர்த்த பிறகே அளக்க வேண்டும். அவசரத்தில் அதைச் சேர்க்காமல் விட்டால் இங்கேயும் எண் குறையும், இங்கேயும் நல்ல செய்திதான் வரும்.

திண்டுக்கல் சமவெளியில் தண்ணீரின் கதையைத் தோல்ஷாப்புகளை, அதாவது தோல் பதனிடும் ஆலைகளை, விட்டுவிட்டுச் சொல்ல முடியாது. 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் வேலூர் குடிமக்கள் நல மன்றத்தின் வழக்கில் தீர்ப்பு கொடுத்தது. வேலூர் வழக்கு என்று பெயர் இருந்தாலும் அந்தத் தீர்ப்பில் திண்டுக்கல்லும் இருக்கிறது. திண்டுக்கல், ரெட்டியார்சத்திரம் வட்டாரங்களின் 13 கிராமங்களில் ஒரு தன்னார்வக் குழு பார்த்த 467 கிணறுகளில் 350 கெட்டுப்போயிருந்தன என்ற கணக்கை நீதிபதிகள் எடுத்து எழுதினார்கள். நான்கில் மூன்று கிணறு. பெண்களும் பிள்ளைகளும் குடிதண்ணீருக்காக மைல்கணக்கில் நடப்பதையும் எழுதினார்கள். சுற்றுச்சூழலைக் கெடுப்பவரே அதைச் சரிசெய்யும் செலவையும் ஏற்க வேண்டும் என்ற கொள்கை நம் நாட்டுச் சட்டத்தில் வேரூன்றியதில் அந்தத் தீர்ப்புக்குப் பெரிய பங்கு உண்டு. குடகனாறு திண்டுக்கல்லைத் தாண்டி, வேடசந்தூர் வழியாக வடக்கே போய்க் கரூர் மாவட்டத்தில் அமராவதியில் சேர்கிறது. மேலே விட்டது கீழே வரும் என்பதை அந்த ஆற்றோரத்து விவசாயிக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

2014 பிப்ரவரியில் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், அதிகம் மாசு தரக்கூடிய 17 வகைத் தொழில்களுக்கு இரவும் பகலும் தானாக அளக்கும் கருவிகள் வேண்டும் என்று உத்தரவிட்டது. தோல் தொழிலும் சிமென்ட் தொழிலும் அந்தப் பட்டியலில் உண்டு. நல்ல உத்தரவு. ஆனால் தோல் பதனிடும் கழிவுநீரில் மின்முனை படும் பாட்டை யோசித்துப் பாருங்கள். மயிர் நீக்கச் சுண்ணாம்பும் சோடியம் சல்ஃபைடும் போடுகிறார்கள். சுண்ணாம்பு குமிழில் ஓடாகப் படியும். கொழுப்பு அதன் மேல் பூசும். எல்லாவற்றையும் விடக் கொடியது சல்ஃபைடு. பி.எச். மின்முனைக்குள் வெள்ளிக் கம்பி ஒன்று உண்டு. உள்ளேயிருக்கும் உப்புக் கரைசலுக்கும் வெளித் தண்ணீருக்கும் தொடர்பு ஏற்படுத்த, பக்கத்தில் நுண்துளை கொண்ட ஒரு பீங்கான் பொட்டு இருக்கும். அதன் வழியே சல்ஃபைடு நுழைந்து வெள்ளியோடு சேர்ந்தால் கறுப்பான வெள்ளி சல்ஃபைடாகி அந்தத் துளையையே அடைத்துவிடும். இதற்காகவே இரட்டைத் தடுப்பு வைத்த மின்முனைகள் வருகின்றன. ஆனாலும் இப்படிப்பட்ட நீரில் வாரக்கணக்கில் தொடாமல் விட்ட எந்த மின்முனையையும் நான் நம்பமாட்டேன். சுண்ணாம்புக் குழியின் நீர் பி.எச். 12-ஐத் தாண்டும்போது சாதாரணக் கண்ணாடி சோடியத்தையும் ஹைட்ரஜன் என்று எண்ணிக் குறைவாகவே காட்டும் என்பது இன்னொரு சங்கடம். வாரியத்தின் திரைக்கு ஒவ்வொரு கால் மணிக்கும் ஓர் எண் போய்ச் சேரலாம். குமிழைக் கடைசியாக எப்போது கழுவினார்கள் என்பதும் அந்த எண்ணோடு சேர்ந்து போக வேண்டும் என்பது என் ஆசை.

சரி, கழுவுவது எப்படி? வீட்டிலும் பள்ளியிலும் சிறு ஆய்வகத்திலும் செய்யக்கூடியதைச் சொல்கிறேன்.

அடிப்படை ஒன்றுதான். பி.எச். குமிழ் காயக்கூடாது, அதே சமயம் வெறும் டிஸ்டில்டு வாட்டரிலும் ஆர்.ஓ. தண்ணீரிலும் கிடக்கக்கூடாது. இரண்டாவது தவறுதான் அதிகம் நடக்கிறது. சுத்தமான தண்ணீர்தானே என்று அக்கறையோடு போட்டு வைக்கிறார்கள். உப்பே இல்லாத அந்த நீர், குமிழின் ஊறிய தோலிலிருந்தும் பீங்கான் பொட்டின் உள்ளிருந்தும் உப்பை இழுத்து வெளியே எடுத்துவிடும். போட்டு வைக்க வேண்டியது பொட்டாசியம் குளோரைடு கரைசலில். 22.4 கிராமை டிஸ்டில்டு வாட்டரில் கரைத்து மொத்தம் 100 மில்லி ஆக்கினால் தேவையான 3 மோலார் வலு வந்துவிடும். மூடியில் இதில் கொஞ்சம் ஊற்றிக் குமிழ் நனைந்திருக்கும்படி மாட்டி, நிமிர்த்தி வையுங்கள். மூடியைச் சுற்றி வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்தால் பயப்பட வேண்டாம். கெட்டுவிட்டது என்று தூக்கிப்போட்டவர்கள் இருக்கிறார்கள். அந்த உப்பைக் கழுவினால் போய்விடும்.

ஒரு தண்ணீரிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது டிஸ்டில்டு வாட்டரைப் பீச்சிக் கழுவி, மெல்லிய காகிதத்தால் ஒற்றி எடுங்கள். வேட்டி முனையாலோ சேலைத் தலைப்பாலோ தேய்த்துத் துடைக்காதீர்கள். தேய்த்தால் குமிழில் மின்னேற்றம் தங்கி எண் அலைபாயும், கீறலும் விழும். உள்ளே காற்றுக் குமிழி நின்றால் காய்ச்சல் பார்க்கும் பழைய பாதரசக் கம்பியை உதறுவது போல ஓர் உதறு. மேல் பக்கம் கரைசல் ஊற்றும் துளை உள்ள மின்முனையானால் அளக்கும்போது அதைத் திறந்தும், வைக்கும்போது மூடியும் வைக்க வேண்டும்.

நம் பக்கத்து வெள்ளைப் படிவுக்கு மருந்து 0.1 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலம். ஒரு லிட்டர் தண்ணீரில் ஆய்வகத்து அடர் அமிலம் 8 முதல் 9 மில்லி விட்டால் போதும். எப்போதும் தண்ணீரில் அமிலத்தை விட வேண்டும், அமிலத்தில் தண்ணீரை அல்ல. கால் மணி முதல் அரை மணி நேரம் ஊறவிட்டு எடுங்கள். கழிவறைக்கு வாங்கும் ஆசிட்டை இதற்குப் பயன்படுத்தாதீர்கள். அதன் வலு என்னவென்று தெரியாது. டி.டி.எஸ். பேனாவின் முட்களுக்கு வீட்டு வினிகரே போதும், ஊறவைத்துக் கழுவிவிடலாம். ஆய்வகத்துக் கடத்துதிறன் மின்முனைகளில் கறுப்பாகப் பூசிய பிளாட்டினம் இருந்தால் அதை அழுக்கென்று நினைத்துச் சுரண்டிவிடக்கூடாது. அந்தக் கறுப்புதான் அதன் உயிர்.

பால் அளக்கும் இடங்களில் படிவது வேறு. மாட்டுப்பாலின் பி.எச். 6.6-க்கும் 6.8-க்கும் நடுவில் இருக்கும். அதிலிருந்து கொஞ்சம் இறங்கினாலும் புளிக்க ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். அந்தச் சிறு இறக்கத்தைப் பிடிக்க வேண்டிய குமிழின் மேல் பால் புரதம் ஏடாகப் படிந்திருக்கும். அதற்கு அமிலம் மட்டும் போதாது. அதே 0.1 மோலார் அமிலத்தில் பெப்சின் என்ற செரிமான நொதியைக் கலந்து ஒரு மணி நேரம் வைத்தால் புரதம் கரைந்து போகும். நம் வயிற்றுக்குள் நடக்கிற அதே வேலை. நெய்ப்பசைக்கு வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீர். பீங்கான் பொட்டு கறுத்திருந்தால் தயோயூரியா கலந்த அமிலம். அது உடம்புக்கு ஆகாத பொருள் என்பதால் கையுறை இல்லாமல் தொடக்கூடாது, பள்ளிப் பிள்ளைகள் கையில் கொடுக்கவே கூடாது. எதனால் கழுவினாலும் பிறகு பொட்டாசியம் குளோரைடில் சில மணி நேரம் ஊறவிட்டுத்தான் மறுபடி எடுக்க வேண்டும். மாதக்கணக்கில் காய்ந்து கிடந்ததை ஒரு ராத்திரி முழுக்க ஊறப்போட்டுப் பாருங்கள். பல சமயம் பிழைத்துக்கொள்ளும்.

மண் பரிசோதனைக்கூடங்களில் 20 கிராம் மண்ணுக்கு 50 மில்லி தண்ணீர் சேர்த்துக் கலக்கி அளக்கிறார்கள். மணல் குமிழை உரசும், களிமண் பொட்டை அடைக்கும். அடைபட்ட பொட்டின் அடையாளம், எண் ஓரிடத்தில் நிற்காமல் மெல்ல நகர்ந்துகொண்டே இருப்பது. வெதுவெதுப்பான பொட்டாசியம் குளோரைடில் வைத்தால் பெரும்பாலும் திறந்துகொள்ளும். மண்வள அட்டையில் 2015 முதல் அச்சாகிவரும் 12 விவரங்களில் பி.எச்.சும் உப்பின் அளவும் இரண்டு. இரண்டுமே மின்முனை சொல்வதுதான்.

ஃபுளோரைடு படிகத்துக்கு நேர்மாறான பழக்கம். அதை நாள்கணக்கில் எடுத்து வைக்கும்போது காய்ந்தே இருக்கலாம். மேலே மங்கிவிட்டால் ஃபுளோரைடு கலந்த பற்பசையைத் தொட்டு மெதுவாகத் தேய்த்துக் கழுவலாம் என்று கருவி செய்பவர்களே சொல்கிறார்கள். காவிப் பல்லுக்குக் காரணமான பொருளைக் கண்டுபிடிக்கும் கண்ணுக்குப் பற்பசையே மருந்தாவது எனக்கு மிகவும் பிடித்த தகவல்.

கழுவியாயிற்று, சரியாகிவிட்டதா என்று எப்படித் தெரியும்? பி.எச். முன்பே தெரிந்த பஃபர் கரைசலில் வைத்துப் பார்க்க வேண்டும். 4, 7, 9.2 என்று கேப்ஸ்யூல்களாகக் கிடைக்கின்றன. ஒன்றை 100 மில்லி டிஸ்டில்டு வாட்டரில் கரைத்துக்கொள்ளலாம். பல இடங்களில் 7-இல் மட்டும் வைத்துப் பார்த்து, சரி என்று எழுதிவிடுகிறார்கள். சாகப் போகிற மின்முனையும் 7-இல் தேறிவிடும் என்பதை மேலே பார்த்தோம். இரண்டு பஃபர் கட்டாயம் வேண்டும். நம் போர்த் தண்ணீர் காரத்தின் பக்கம் சாய்வதால் 7-உம் 9.2-உம். ஸ்லோப் 95 சதவீதத்துக்கு மேல் இருந்தால் நிம்மதி. 90-க்குக் கீழே போனால் கழுவுங்கள். கழுவியும் 85-ஐத் தாண்டவில்லையென்றால் அந்த மின்முனை தன் காலத்தை முடித்துவிட்டது. ஒன்றிரண்டு ஆண்டுதான் அதன் ஆயுளே. ஊற்றி எடுத்த பஃபரை மறுபடி பாட்டிலில் ஊற்றாதீர்கள். 9.2 கரைசல் திறந்திருந்தால் காற்றிலிருந்து கரியமில வாயுவை இழுத்துக்கொண்டு தானே இறங்கிவிடும். சித்திரை வெயிலில் அறையே 40 டிகிரி இருக்கும்போது அந்தக் கரைசலின் உண்மையான பி.எச். 9.07-தான் என்பதையும், அந்த வெப்பத்தில் ஒரு புள்ளிக்கு 62 மில்லிவோல்ட் வர வேண்டும் என்பதையும் நினைவில் வையுங்கள். பாட்டிலின் மேல் ஒட்டியிருக்கும் அட்டவணை அதற்குத்தான்.

வாசக நண்பருக்கு என் பதில் இதுதான். உங்கள் மூன்று எண்களில் எதையும் நான் பொய் என்று சொல்லவில்லை. மூன்று இடத்திலும் இரண்டு கேள்வி கேளுங்கள்: கடைசியாக எந்த இரண்டு பஃபரில் சரிபார்த்தீர்கள், ஸ்லோப் எவ்வளவு வந்தது? நோட்டைப் புரட்டித் தேதியோடு பதில் சொல்பவர் தரும் எண்ணை நம்புங்கள். அந்தத் தண்ணீரைக் குடிக்கலாமா என்பதற்கு பி.எச். மட்டும் பதில் ஆகாது. கடினத்தன்மை, ஃபுளோரைடு, நைட்ரேட் எல்லாம் பார்க்க வேண்டும். குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் அதற்கு வழி உண்டு.

இந்த இடத்தில் பணத்தைப் பற்றிப் பேசாமல் நகர எனக்கு மனமில்லை. கருவி வாங்கப் பணம் வருகிறது. பெட்டி பிரித்து, பூ வைத்து, படம் எடுத்து, அலமாரியில் வைக்கிறோம். பஃபர் கேப்ஸ்யூலுக்கும் பொட்டாசியம் குளோரைடுக்கும் டிஸ்டில்டு வாட்டருக்கும் ஆண்டுதோறும் எந்தக் கணக்கில் எடுப்பது என்று யாரும் எழுதி வைப்பதில்லை. மின்முனை தேய்ந்து தீரும் பொருள். பேனாவின் ரீஃபில் மாதிரி மாற்றப்பட வேண்டியது. அதைக் கருவியின் சொத்துப் பட்டியலில் எழுதி, தூக்கிப்போட அனுமதி கேட்டுக் கடிதம் எழுத வைக்கும்போது, செத்த மின்முனையோடு பிள்ளைகள் செய்முறைத் தேர்வு எழுதுகிறார்கள். வேதியியல் ஆய்வகத்தில் மாலையில் எல்லாரும் போனபிறகு குமிழைக் கழுவி மூடி மாட்டிவிட்டுப் போகும் உதவியாளர்களை நான் அறிவேன். அவர்கள் பெயர் எந்த அறிக்கையிலும் வருவதில்லை. ஜல் ஜீவன் திட்டத்தில் கிராமத்துக்கு 5 பெண்களுக்குத் தண்ணீர் பரிசோதனை கற்றுக்கொடுக்கிறார்கள். நிறம் மாறுவதைப் பார்த்து அளவு சொல்லும் எளிய பெட்டி அவர்கள் கையில் இருக்கிறது. அந்தக் கைகளுக்குக் கருவி பராமரிப்பையும் கற்றுக்கொடுத்து, அதற்குக் கூலியும் கொடுத்தால், ஒன்றியத்துக்கு ஓர் ஆய்வகம் உயிரோடு இருக்கும் என்று உறுதியாக நம்புகிறேன்.

இன்னொரு உணரியைப் பற்றிச் சுருக்கமாகவாவது சொல்லியாக வேண்டும். கழிவுத் தொட்டிகளிலும் தோல்ஷாப் குழிகளிலும் இருக்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடை முன்கூட்டியே சொல்லும் சிறு கருவியும் மின்வேதியியல் உணரிதான். பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் மனிதரைக் கழிவுத் தொட்டிக்குள் இறக்கிச் சுத்தம் செய்யவைப்பதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்திருக்கிறது. அது முதலில் மதிக்கப்பட வேண்டும். ஆலையில் வேறு வேலையாக அந்தக் குழிகளின் பக்கம் போகிறவர் சட்டையில் இந்தக் கருவி மாட்டியிருக்கும். இதைச் சோப்பாலோ சானிடைசராலோ ஸ்பிரிட்டாலோ துடைக்கக்கூடாது. அந்த ஆவி உள்ளே போய் உணரியைக் குழப்பும். ஈரத்துணி மட்டும் போதும். இரண்டு மூன்று ஆண்டுகளில் உள்ளிருக்கும் உணரி ஓய்ந்துவிடும். ஓய்ந்துபோன உணரி பூஜ்யம் என்று காட்டும். சுத்தமான காற்றிலும் பூஜ்யம்தான் காட்டும். பார்த்த மாத்திரத்தில் வேறுபாடு தெரியாது. அதனால்தான் அன்றன்றைக்கு வேலைக்கு முன் சிறிதளவு சோதனை வாயுவைக் காட்டி, மணி அடிக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்கிறார்கள். இதைச் செய்யாத இடத்தில் அந்தக் கருவியை நம்பி யாரும் போகாதீர்கள், யாரையும் அனுப்பாதீர்கள்.

ஆசிரியர்களே, ஆய்வக உதவியாளர்களே, ஆர்.ஓ. நிலையம் நடத்துபவர்களே, பால் குளிரூட்டும் நிலையத்துத் தோழர்களே, ஒரு வேண்டுகோள். உங்களிடம் இருக்கும் பி.எச். மீட்டரை இந்த வாரம் 7-இலும் 9.2-இலும் வைத்துப் பாருங்கள். கழுவுவதற்கு முன் ஸ்லோப் எவ்வளவு, கழுவியபின் எவ்வளவு, எதனால் கழுவினீர்கள், மின்முனை வாங்கி எத்தனை காலம் ஆயிற்று என்று ஓர் அஞ்சலட்டையில் எழுதி அனுப்புங்கள். பள்ளியின் பெயரோ நிறுவனத்தின் பெயரோ வேண்டாம், ஊர் மட்டும் போதும். வருகிற இதழ்களில் இடம் ஒதுக்கி அவற்றை அப்படியே வெளியிடுகிறோம். பஃபர் வாங்கக் காசில்லாத அரசுப் பள்ளி இருந்தால் அதையும் எழுதுங்கள். வாசகர்களில் உதவ முன்வருகிறவர்களோடு இணைத்துவிடுவது எங்கள் பொறுப்பு.

அன்புடன்,
ஆசிரியர்